கைக்கும் திரிக்கும் நடந்த போர்

எம்67 என்ற அமெரிக்கக் கையெறி குண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எடை ஏறத்தாழ 400 கிராம். பயிற்சி பெற்ற சிப்பாய் அதை 30, 35 மீட்டர் தள்ளி எறிவார். விழுந்த இடத்திலிருந்து 5 மீட்டருக்குள் இருப்பவர் பிழைப்பது அரிது. 15 மீட்டருக்குள் இருப்பவர் காயமின்றித் தப்புவது அரிது. ஆனால் அதன் சில்லுகளில் சில 200 மீட்டரையும் தாண்டிப் பறக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கை எறியும் தூரத்தைவிடச் சில்லு பாயும் தூரம் ஆறு மடங்கு. எறிந்த கையோடு தரையில் விழுந்து படுக்காவிட்டால் எறிந்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

அம்பும் ஈட்டியும் தோட்டாவும் எய்தவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுபவை. கையெறி குண்டுக்கு அந்த விசுவாசம் கிடையாது. பழைய குண்டுகள் பலவற்றில் வெடிப்பதற்கான வேலை கையில் இருக்கும்போதே தொடங்கிவிடும். திரி நீளமாக இருந்தால் எதிரி அதை எடுத்துத் திருப்பி எறிவான். குட்டையாக இருந்தால் கையிலேயே வெடிக்கும். பட்டவுடன் வெடிக்கும்படி செய்தால் தவறிக் கீழே போட்டாலும் வெடிக்கும்.

கையெறி குண்டின் வரலாற்றைப் பொதுவாக வெடிமருந்தின் வரலாறாகத்தான் எழுதுவார்கள். உண்மையில் அதைச் செய்தவர்களை நூற்றாண்டுகளாகத் தூங்கவிடாமல் செய்த கேள்வி வேறு. கையில் இருக்கும்வரை சும்மா இருந்து, கையை விட்டதும் தவறாமல் வெடிக்கும் ஒன்றை எப்படிச் செய்வது?

மண்சாடியிலிருந்து இரும்புக்கு

முதலில் எறியப்பட்டது வெடி அல்ல, நெருப்பு. பைசாந்தியப் பேரரசின் படைகள் 'கிரேக்க நெருப்பு' என்ற எரிதிரவத்தைக் கப்பல்களிலிருந்து குழாய் வழியாகப் பீய்ச்சின. சிறு மண்சாடிகளில் அடைத்தும் எறிந்தன. 10 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரையிலான அத்தகைய சாடிகள் ஏதென்ஸ் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இவை உடைந்து எரியும்; வெடிக்காது.

வெடிப்பதற்குச் சீனா வேண்டியிருந்தது. சோங் அரச காலத்தில் 1044-இல் தொகுக்கப்பட்ட 'வூஜிங் ஸோங்யாவ்' என்ற போர்க்கலை நூல் வெடிமருந்துக் கலவைகளை எழுத்தில் தருகிறது. தொடக்ககாலக் கலவைகளில் வெடியுப்பு குறைவு. அவை சீறி எரிந்து புகை கக்கினவே தவிர, எதையும் பிளக்கவில்லை. உப்பின் பங்கு கூடக்கூட எரியும் வேகமும் கூடியது. அடுத்த மாற்றம் உறையில் வந்தது. திறந்த வெளியில் கருமருந்தைக் கொளுத்தினால் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும். அதையே தடித்த உறைக்குள் அடைத்தால் உள்ளே பிறக்கும் வாயுவுக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் உறை தோற்றுவிடும். காகித உறை சத்தத்தோடு கிழியும். இரும்பு உறை சில்லு சில்லாக நாலாபுறமும் பாயும்.

1232-இல் மங்கோலியர்கள் கைஃபெங் நகரை முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்த ஜின் அரசின் படை 'வானை அதிரவைக்கும் இடி' என்று பெயரிட்ட வார்ப்பிரும்புக் குண்டுகளை அவர்கள் மேல் ஏவியது. மங்கோலியர்கள் மாட்டுத்தோல் போர்த்திய கூரைகளுக்குள் மறைந்துகொண்டு மதிலடியைத் தோண்ட வந்தபோது, குண்டுகளை இரும்புச் சங்கிலியில் கட்டி மதில் மேலிருந்து கீழே இறக்கினார்கள். தோலும் மிஞ்சவில்லை, ஆளும் மிஞ்சவில்லை என்று சீன வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

இந்தத் தொழில்நுட்பத்தை மங்கோலியர்கள் கற்றுக்கொண்டு கடல் கடந்தார்கள். குப்லாய் கானின் படைகள் 1274-லும் 1281-லும் ஜப்பான் மீது படையெடுத்தன. அந்தப் போரில் சண்டையிட்ட தகேஸாக்கி சுஎனாகா என்ற சாமுராய் வரையச் செய்த ஓவியச் சுருளில், குதிரைக்கு முன்னால் ஒரு குண்டு வெடித்துச் சிதறும் காட்சி உண்டு. அது பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்ற ஐயம் ஆய்வாளர்கள் சிலருக்கு இருந்தது. பிறகு கியூஷு தீவை ஒட்டிய தக்காஷிமா அருகே, மூழ்கிய படையெடுப்புக் கப்பலின் சிதைவுகளோடு கடலடியிலிருந்து சுடுமண் உருண்டைகள் கிடைத்தன. ஏறத்தாழ 14 செ.மீ. விட்டம் கொண்டவை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஒன்றின் வயிற்றுக்குள் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட இரும்புத் துண்டுகள் தெரிந்தன. உறை மண்ணாக இருந்தாலும், சதையைக் கிழிக்க இரும்பு வேண்டும் என்பது அந்தக் குயவருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நெருப்பைக் கையில் வைத்திருந்தவர்கள்

ஐரோப்பாவில் இந்த ஆயுதத்துக்கென்றே ஒரு சிப்பாய் இனம் உருவானது. பிரான்சின் 14-ஆம் லூயி 1667-இல் தன் அரச ரெஜிமெண்டின் ஒவ்வொரு கம்பெனியிலும் நான்கு பேரைக் குண்டெறிவதற்காக ஒதுக்கினார். சில ஆண்டுகளில் அவர்கள் தனிக் கம்பெனியானார்கள். பிறகு மற்ற ஐரோப்பியப் படைகளும் அதைப் பின்பற்றின. இவர்களே கிரனேடியர்கள். உயரமான, தோள்வலிமை மிக்க, எளிதில் பதறாத ஆட்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

பதறாமை ஏன் முக்கியம் என்பது அவர்களுடைய வேலையைப் பார்த்தால் புரியும். கிலோ கணக்கில் கனக்கும் வார்ப்பிரும்பு உருண்டை. உள்ளே கருமருந்து. வாயில் மரக்குழல், அதற்குள் திரி. மார்புக் குறுக்குவாரில் ஒரு பித்தளைக் கூடு, அதற்குள் கனன்றுகொண்டே இருக்கும் கயிறு. கட்டளை வந்ததும் கயிற்றை வெளியே எடுத்துச் சாம்பல் போக ஊத வேண்டும். குண்டின் திரியைத் திறந்து, கயிற்றின் கங்கை அதில் வைக்க வேண்டும். பற்றிக்கொண்டதா என்று பார்த்து, அதன் பிறகுதான் எறிய வேண்டும். தீபாவளிக்கு அணுகுண்டு வெடியின் திரியைக் கொளுத்திவிட்டு நாம் எடுக்கும் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். கிரனேடியர் அந்த நேரத்தில் வெடியைக் கையில் பிடித்தபடி எதிரியை நோக்கி நடந்துகொண்டிருப்பார். ஈரக் காற்று, மழை, நடுங்கும் விரல், ஒரே சீராக எரியாத திரி என்று எத்தனையோ வழிகளில் அது பிசகலாம்.

அகலமான விளிம்பு கொண்ட தொப்பி, துப்பாக்கியைத் தோளில் மாட்டவும் கையை ஓங்கவும் இடைஞ்சலாக இருந்தது. அதனால் விளிம்பே இல்லாத, பிஷப் கிரீடம் போல் உயர்ந்த தொப்பி இவர்களுக்கு வந்தது. வசதிக்காக வந்த தொப்பி ஆளை இன்னும் உயரமாகக் காட்டியதால் அதுவே அணிவகுப்பின் பெருமையாகிவிட்டது.

இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்த இடங்களில் கண்ணாடியும் சுடுமண்ணும் கைகொடுத்தன. ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் பழைய கோட்டைக் கொத்தளத்தின் முன்னால் கட்டடத்துக்காகத் தோண்டியபோது 17-ஆம் நூற்றாண்டுச் சுடுமண் குண்டுகள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டன. பலவற்றில் மருந்தும் திரியும் அப்படியே இருந்தன. 1723-க்கு முன்பே யாரோ அவற்றை அகழியில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

18-ஆம் நூற்றாண்டு நகரநகரக் குண்டு செல்வாக்கிழந்தது. போர் திறந்த வெளியில், துப்பாக்கி வரிசைகளுக்கு இடையே நடந்தது. 30 மீட்டர் எறியும் ஆயுதத்தோடு அங்கே நெருங்க முடியாது. கோட்டை முற்றுகைகளிலும் கப்பல் சண்டைகளிலும் மட்டும் அது ஒதுங்கிக்கொண்டது. குண்டு போனாலும் பெயர் போகவில்லை. 1779-இல் பம்பாய்ப் படையின் கிரனேடியர் கம்பெனிகளிலிருந்து தொடங்கும் மரபு இன்றைய இந்திய ராணுவத்தின் 'தி கிரனேடியர்ஸ்' ரெஜிமெண்ட் வரை நீள்கிறது. 1965 போரில் பாகிஸ்தான் டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீது அந்த ரெஜிமெண்டின் 4-ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர். அவர் கையாண்டதோ குண்டல்ல, ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கி.

பட்டவுடன் வெடிக்கட்டும்

19-ஆம் நூற்றாண்டில் தட்டினால் தீப்பொறி தரும் சிறு செப்பு மூடிகள் துப்பாக்கிகளுக்கு வந்தன. திரியும் கங்கும் இல்லாமல், தரையில் பட்ட அதிர்ச்சியிலேயே குண்டு வெடித்தால் என்ன என்ற யோசனை இயல்பாகவே பிறந்தது. திருப்பி எறிய எதிரிக்கு நேரமே இருக்காது!

அமெரிக்க உள்நாட்டுப் போர் இதற்குச் சோதனைச்சாலையானது. 1862-இல் ஹெய்ன்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற 'எக்ஸல்சியர்' குண்டில் ஓர் உருண்டைக்குள் இன்னோர் உருண்டை. உள்ளுருண்டை முழுக்க முட்கள் போல் 14 முனைகள், ஒவ்வொன்றிலும் ஒரு செப்பு மூடி. எந்தப் பக்கமாக விழுந்தாலும் ஏதாவது ஒன்று தட்டுப்படும். கையிலிருந்து நழுவினாலும் அப்படியே தட்டுப்படும் என்பதால் இதைத் தொடவே சிப்பாய்கள் தயங்கினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு பஃபலோ நகரத்து கெட்சம் காப்புரிமை பெற்ற குண்டு கொஞ்சம் நிதானமானது. மூக்கில் ஓர் அழுத்துதட்டு, வாலில் அட்டை இறக்கைகள். இறக்கைகள் குண்டின் மூக்கைக் கீழ்நோக்கித் திருப்ப, தட்டு தரையில் அழுந்தி வெடிக்கும். மூக்கு படாவிட்டால் வெடிக்காது. 1863-இல் போர்ட் ஹட்சன் முற்றுகையில் வடக்குப் படை இவற்றை எறிந்தது. தென்படைச் சிப்பாய்கள் போர்வைகளை விரித்துப் பிடித்தார்கள். மெத்தென்ற போர்வையில் விழுந்த குண்டுகள் வெடிக்காமல் உருண்டன. அவற்றை எடுத்து வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள்.

1904-05 ருஷ்ய-ஜப்பானியப் போரில் போர்ட் ஆர்தர் முற்றுகையின்போது குழிக்கும் குழிக்கும் சில மீட்டர் இடைவெளிதான் இருந்தது. இரு தரப்பும் காலி பீரங்கி உறைகளிலும் கிடைத்த டப்பாக்களிலும் மருந்தை அடைத்து எறிந்துகொண்டார்கள். பார்வையாளர்களாகப் போயிருந்த பிற நாட்டு அதிகாரிகள் இதைக் குறித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

பிரிட்டனில் 1908-இல் 'எண் 1' கையெறி குண்டு வந்தது. நீண்ட பிரம்புக் கைப்பிடி, மூக்கில் வெடிமூடி, மூக்கு முன்னே விழுவதற்காக வாலில் துணி நாடா. மைதானத்தில் அழகாகப் பறந்தது. ஆனால் அதை எறியக் கையைப் பின்னால் ஓங்க வேண்டும். பதுங்குகுழியில் பின்னால் இருப்பது மண்சுவர். ஓங்கிய வேகத்தில் மூக்கு சுவரில் இடித்தால் எறிபவன் கதை அங்கேயே முடிந்தது. கைப்பிடியைக் குட்டையாக்கிப் பார்த்தார்கள். குறை முழுதும் தீரவில்லை.

ஜாம் டப்பாக்களின் ஆண்டு

1914 இறுதியில் முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனை முழுவதும் பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. அந்தக் குழிகள் நேர்கோடாக வெட்டப்படுவதில்லை. சில மீட்டருக்கு ஒரு முறை மடங்கும். ஒரு மடிப்புக்குள் எதிரி புகுந்தாலும் துப்பாக்கியால் நெடுக்கச் சுட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. மூலை திரும்பிச் சுட எந்தத் துப்பாக்கிக்கும் தெரியாது. குண்டுக்கு அந்தக் கவலை இல்லை. மண்சுவருக்கு மேலே தூக்கிப் போட்டால் அடுத்த மடிப்பில் விழும். வழக்கொழிந்ததாக ஒதுக்கப்பட்ட ஆயுதம் ஒரே குளிர்காலத்தில் உயிரோடு எழுந்து வந்தது இப்படித்தான்.

ஜெர்மானியர்கள் ஓரளவு ஆயத்தமாக வந்திருந்தார்கள். பிரிட்டிஷ் படையிடம் கையிருப்பு மிகக் குறைவு. சிப்பாய்கள் தின்று போட்ட ஜாம் டப்பாக்களில் வெடிமருந்தும் இரும்புத் துணுக்குகளும் அடைத்துத் திரி வைத்தார்கள். பலகையில் மருந்தைக் கட்டி 'ஹேர் பிரஷ்' என்று பெயரிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பழைய உருண்டைக் குண்டு ஒன்றுக்கு மணிக்கட்டில் தோல்பட்டை வேண்டும். பட்டையின் கயிற்றுக் கொக்கியைக் குண்டின் வளையத்தில் மாட்டி எறிந்தால், குண்டு போகும் வேகத்தில் கொக்கி உரசுகம்பியை உருவித் தீ மூட்டும். கையை விட்டுப் போனால்தான் பற்றும் என்ற எண்ணம் அதில் அரும்பியிருந்தது.

பிரான்சில் அப்போது இந்தியப் படைப்பிரிவும் அதே குழிகளில் இருந்தது. 1915 மே 18 அன்று ரிஷ்பூர் அருகே முன்வரிசையில் சிக்கியிருந்தவர்களிடம் குண்டுகள் தீர்ந்துவிட்டன. கொண்டுபோக முயன்ற இரண்டு குழுக்கள் தோற்றன. 15-ஆம் லூதியானா சீக்கியர் படையின் லெப்டினன்ட் ஜான் ஸ்மித்தும் தாமாக முன்வந்த பத்துச் சிப்பாய்களும் 96 குண்டுகளைச் சுமந்து, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே வெட்டவெளியில் ஊர்ந்தார்கள். குண்டுகள் எதிரிக்கு 20 கெஜம் வரை போய்ச் சேர்ந்தபோது ஸ்மித்தோடு இருந்தவர்கள் இரண்டே பேர். மற்ற எட்டுப் பேரும் இறந்தோ காயம்பட்டோ வழியில் கிடந்தார்கள். ஸ்மித்துக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்த ஆண்டு ஒரு பெட்டிக் குண்டுக்கு என்ன விலை என்பதை இந்த 20 கெஜம் சொல்லும்.

செப்டம்பரில் லோஸ் தாக்குதலுக்குப் பிரிட்டிஷார் 'கிரிக்கெட் பந்து' என்று அழைத்த உருண்டைக் குண்டுகளைக் கொண்டுபோனார்கள். தீக்குச்சித் தலை போன்ற திரிமுனையைக் கையில் கட்டிய உரசுபட்டையில் தேய்த்துப் பற்றவைக்க வேண்டும். மழை பெய்தது. நனைந்த பட்டையில் நனைந்த திரி பற்றவில்லை. 17-ஆம் நூற்றாண்டுக் கிரனேடியரின் அதே தொல்லை, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால்.

பூட்டாக மாறிய கை

விடை வில்லியம் மில்ஸிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் 1856-இல் பிறந்தவர். அலுமினிய வார்ப்பாலை நடத்தியவர். அதில் கோல்ஃப் மட்டைகளும் செய்தார். அதற்கு முன்பு கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளைக் கொளுவவும் சட்டென்று விடுவிக்கவும் ஒரு பொறியமைப்பைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர். எப்போது பிடித்திருக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதே அவருடைய தொழில் என்று சொல்லலாம். பெல்ஜியப் படையின் கேப்டன் லியோன் ரோலாண்ட் ஏற்கெனவே உருவாக்கியிருந்த குண்டின் குறைகளைக் களைந்து, 1915-இல் பர்மிங்ஹாமில் தன் வடிவத்தை முடித்தார். அந்த ஆண்டே அது 'எண் 5' என்ற பெயரில் படையில் சேர்ந்தது.

அதன் உள்ளே நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். நடுவே ஓர் ஊசி, அதை எந்நேரமும் கீழே தள்ளத் துடிக்கும் சுருள்வில். ஊசியின் தலையைப் பிடித்து நிறுத்துவது குண்டின் பக்கவாட்டில் வளைந்து கிடக்கும் லீவர். லீவரை அசையாமல் வைத்திருப்பது வளையம் கோத்த பின். எறிபவர் குண்டையும் லீவரையும் சேர்த்து உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு பின்னை உருவுவார். இப்போதும் எதுவும் நடக்காது. லீவரை விரல்கள் அழுத்தியிருக்கும்வரை குண்டு உறங்கிக்கொண்டேதான் இருக்கும். மனம் மாறினால் பின்னைத் திரும்பச் செருகவும் வழி உண்டு. கையை விட்டுப் பறந்த கணத்தில் சுருள்வில் லீவரைத் தெறிக்கவிட்டு ஊசியை இறக்கும். ஊசி மூடியைத் தட்டும், உள்திரி பற்றும், சில நொடியில் டெட்டனேட்டர் வெடிக்கும், அது குண்டை வெடிக்கவைக்கும்.

தீக்குச்சியோ கங்கோ உரசுபட்டையோ தேவையில்லை. மழை பெய்தாலும் கவலையில்லை. அத்தனை காலமும் குண்டுக்குப் பகையாக இருந்த எறிபவரின் கையையே மில்ஸ் பூட்டாக்கிவிட்டார். பிடித்திருந்தால் பூட்டியிருக்கும், விட்டால் திறந்துகொள்ளும். அதோடு டெட்டனேட்டர்களைக் குண்டுக்குள் வைத்து அனுப்பவில்லை. பெட்டியில் பன்னிரண்டு குண்டுகள், தனி டின்னில் டெட்டனேட்டர்கள். போர்முனையில்தான் இரண்டும் சேரும்.

சினிமாவில் கதாநாயகன் பல்லால் பின்னைப் பிடுங்குவது இந்த வகைக் குண்டில்தான். பின்னின் இரண்டு கால்களும் மறுபுறம் விரித்து மடக்கப்பட்டிருக்கும். தவறி உருவிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. பல்லால் இழுத்தால் முதலில் கழன்று வருவது பல்லாக இருக்கலாம்.

மேனியில் சதுரம் சதுரமாக வெட்டிய பள்ளங்களைப் பார்த்து, அந்தக் கோடுகளின் வழியே பிளப்பதற்காகத்தான் அவை என்று பலரும் நினைக்கிறார்கள். மில்ஸின் சொந்தக் குறிப்புகளோ, சேறு படிந்த கை வழுக்காமல் பிடிப்பதற்கு என்கின்றன. பிளப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு இல்லை என்பது இயற்பியலுக்கும் பொருந்துகிறது. கருமருந்து எரிவது, நவீன உயர்வெடிபொருள் அதிர்வெடிப்பது. அந்த அதிர்வலை இரும்புக்குள் ஒலியையும் மிஞ்சும் வேகத்தில் பாயும். நொறுங்கும் தன்மையுள்ள வார்ப்பிரும்பு அப்போது கோடு பார்த்து உடையாது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் விரிசல் விட்டு, சில பெரிய துண்டுகளாகவும் மீதி தூளாகவும் போகும். பின்னால் வந்த வடிவமைப்பாளர்கள் வெளிமேனியை வழவழப்பாக விட்டு, இடையிடையே வெட்டுவைத்த கம்பிச் சுருளை உள்ளே பொருத்தியது இதனால்தான்.

ஏறத்தாழ ஏழரைக் கோடி மில்ஸ் குண்டுகள் செய்யப்பட்டதாகக் கணக்கு. 1916 ஜூலை 26 இரவு பொசியேர் கிராமத்தருகே தொடங்கிய ஒரே சண்டை பன்னிரண்டரை மணி நேரம் நீடித்தது. நேசநாட்டுத் தரப்பு மட்டும் சுமார் 15,000 குண்டுகளை எறிந்தது. எறிந்து எறிந்தே சோர்ந்து விழுந்தவர்கள் பலர். மெசப்பொட்டேமியாவின் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குவதற்காக வந்த '36எம்' வகையின் மூட்டுகளை அரக்கால் அடைத்தார்கள். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்கு அரக்கைப் பெரும்பாலும் கொடுத்தது இந்தியாதான். மில்ஸுக்கு 1922-இல் சர் பட்டம் கிடைத்தது.

ஜெர்மானியர்கள் 1915-லிருந்து பரவலாக்கிய குச்சிக் குண்டு வேறு வழியில் போனது. உள்ளே பொள்ளலான மரக்கைப்பிடி, அதன் அடிமூடியைத் திறந்தால் ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் உள்ளே உரசித் தீப்பிடிக்கும். நீண்ட பிடி கையின் நீளத்தைக் கூட்டியதுபோல் வேலை செய்ததால் தூரம் கூடியது. மேலே இருந்தது மெல்லிய தகர டப்பா. சில்லைவிட வெடியதிர்ச்சியே அதன் பலம். ஓடிக்கொண்டே எறிய வேண்டிய தாக்குதலுக்கு அது ஏற்றது. சில்லு தூரம் பாயும் மில்ஸை மறைவிலிருந்து எறிவதே நல்லது. இப்படித்தான் தாக்குக் குண்டு, தற்காப்புக் குண்டு என்று இரண்டு சாதிகள் உண்டாயின.

திரியின் நீளம் மட்டும் கடைசிவரை பேரமாகவே இருந்தது. மில்ஸ் குண்டின் திரி முதலில் 5 நொடி. துப்பாக்கி முனையிலிருந்து ஏவும்போது அதிக தூரம் போவதால் 7 நொடி ஆக்கினார்கள். கையால் எறியும்போது அது எதிரிக்குத் தரும் அவகாசம் அதிகம் என்று 1940-இல் கண்டு 4 நொடிக்குக் குறைத்தார்கள்.

மண்ணுக்கே திரும்பிய குண்டு

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். பழைய ஆசைக்கே திரும்பியது: பட்டவுடன் வெடிக்கும் குண்டு. அமெரிக்க இளைஞன் ஒவ்வொருவனுக்கும் பேஸ்பால் எறியத் தெரியும், ஆகவே குண்டும் அந்த அளவில், அந்த எடையில் இருந்தால் பயிற்சியே தேவையில்லை என்பது திட்டம். 'பீனோ' என்று பெயர். பறக்கும்போதுதான் ஆயத்தமாகும்படி அமைத்தும் சோதனைகளில் முன்கூட்டியே வெடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. போர் முடிந்ததும் கைவிட்டார்கள்.

அதே சமயத்தில் ஜப்பானில் உலோகம் தீர்ந்துகொண்டிருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் 'வகை 4' என்ற குண்டைப் பீங்கான் சூளைகளில் சுட்டார்கள். மெருகேற்றிய மண்ணுருண்டை, வாயில் ரப்பர் மூடி, உரசிப் பற்றவைக்கும் தலை. உலகப் புகழ்பெற்ற தேநீர்க் கோப்பைகளைச் செய்த அரிதா ஊர்ச் சூளைகளும் அந்த வேலையில் இறங்கின. அரிதா இருப்பது கியூஷுவில். குப்லாய் கானின் சுடுமண் குண்டுகள் கப்பலோடு மூழ்கிக் கிடந்ததும் அதே தீவை ஒட்டிய கடலில்தான். ஒகினாவாவில் ராணுவம் பொதுமக்கள் கையிலும் குண்டுகளைக் கொடுத்தது. எதிரிமேல் எறிய மட்டுமல்ல, பிடிபடாமல் உயிரை முடித்துக்கொள்ளவும். எறிபவரைக் காப்பதற்காகச் செய்த நூற்றாண்டு வேலை அத்தனையும் அங்கே பொருளற்றுப்போனது.

இந்திய ராணுவம் மில்ஸின் 36-ஆம் எண் குண்டை விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் விடவில்லை. 2021 ஆகஸ்ட் மாதம்தான் அதற்கு மாற்றாக, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வுக்கூடம் வடிவமைத்து நாக்பூர் தனியார் நிறுவனம் தயாரித்த பன்முகக் கையெறி குண்டு படையிடம் ஒப்படைக்கப்பட்டது. மொத்தம் 10 லட்சம் குண்டுகளுக்கு ஒப்பந்தம். சில்லு உறையைப் பூட்டினால் தற்காப்புக் குண்டு, கழற்றினால் தாக்குக் குண்டு. முதல் உலகப் போரில் பிரிந்த இரு சாதிகளும் ஒரே உருளையில் சேர்ந்துகொண்டன.

கையோடு நடக்கும் வழக்கும் இன்னும் ஓயவில்லை. எம்67-இன் லீவரும் பின்னும் வலக்கைக்காரருக்கு ஏற்றபடி அமைந்தவை. இடக்கைக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பின்னை உருவ வேண்டும். எந்தக் கைக்கும் பொருந்துகிற, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை நேரம் துல்லியமாக வைக்கும் மின்னணுத் திரி கொண்ட குண்டை உருவாக்கி வருவதாக அமெரிக்காவின் பிகாட்டினி ஆயுதசாலை 2016-இல் அறிவித்தது.

ஆனால் கையே தேவையில்லை என்ற நிலை அதற்குள் வந்துவிட்டது. உக்ரைன் போர்முனையில் சிறு ட்ரோன்கள் குண்டுகளைத் தூக்கிப் போய்ப் பதுங்குகுழிகளின் மேல் நேராகப் போடுகின்றன. மூக்கு கீழே வரும்படி வாலில் 3டி அச்சில் எடுத்த பிளாஸ்டிக் இறக்கை. கெட்சம் அட்டையில் வெட்டிய அதே இறக்கை. எறிபவர் கிலோமீட்டர்களுக்கு அப்பால் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கையில் வெடிக்குமா, திருப்பி எறிவார்களா, சில்லு தெறிக்குமா என்ற பழைய கேள்விகள் எதுவும் அவருக்கு இல்லை.

அந்தக் கேள்விகள் இருந்தவரை ஒரு வரம்பும் இருந்தது. 30 மீட்டருக்குள் வந்தால்தான் எறிய முடியும், வந்தவன் தன் உயிரையும் பணயம் வைத்தாக வேண்டும். எறிந்தவனும் எறியப்பட்டவனும் ஒரே மண்ணில், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். பொறியாளர்கள் ஆயிரம் ஆண்டு முயன்று எறிபவரை அந்த வட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். குண்டு விழும் இடத்தில் இருப்பவருக்கு அந்த வட்டம் அன்றிருந்த அளவிலேயே இருக்கிறது.